மூன்றாம் சிலிண்டருக்கு ஒரு ஸ்பூன் ஆயில்

1

இந்தக் கதை எனக்குள்ளிருந்து பொங்கி வரவில்லை. ஓர் இலக்கியக் கூட்டத்தின் டீ இடைவேளையில் என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் மூத்த எழுத்தாளர். பேப்பர் கப்பை இரண்டு விரல்களால் பிடித்தபடி, "அப்பா என்னம்மா பண்றாரு?" என்று கேட்டார்.

டிரைவர் என்றேன். வழக்கமாக இந்தப் பதிலுக்கு எதிரில் இருப்பவரின் முகம் கனிந்துவிடும். அல்லது என் தோளுக்குப் பின்னால் வேறு யாரையாவது தேட ஆரம்பிக்கும். இவருக்கோ முகம் மலர்ந்துவிட்டது, புதையல் தட்டுப்பட்டவர் மாதிரி.

"அடடா! வீட்லயே கதைக் களஞ்சியத்தை வெச்சுக்கிட்டு இங்க என்னம்மா பண்ற?"

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். களஞ்சியம் பனியனோடு உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தது.

அவர் எனக்கு ஆலோசனையும் கொடுத்திருந்தார். "அந்தக் காரை ஒரு குறியீடா வெச்சுக்கோ" என்றார். பிறகு, "கோபத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கோம்மா, உன் எழுத்துல ஒரே சூடு" என்றார். (இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் கம்ப்ரஷன், அதாவது உள்ளே இருக்கிற அழுத்தம், பார்க்க வேண்டும். ஆறிப்போன இன்ஜின் காட்டுகிற கணக்கை நம்ப முடியாது. இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். என் வாயில் பிஸ்கட் இருந்தது.)

ஆகவே வாசகரே, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது ஒரு வயதான காரைப் பற்றிய கதை. அதன் இன்ஜினில் அழுத்தம் குறைந்துவிட்டது. எங்கே குறைந்தது, எதனால் குறைந்தது என்று ஒரு பெண் கண்டுபிடிக்கப் பார்க்கிறாள். இந்த இன்ஜின் யாருடைய இதயமும் அல்ல. அழுத்தம் என்ற சொல் வருகிற இடத்திலெல்லாம் 'சமூகம்' என்று ஓரத்தில் பென்சிலால் குறிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம். வண்டி இன்னும் கிளம்பவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

வைகறையின் மெல்லிய ஒளி அந்தப் பழைய காரின் முதுகில் ஒரு முதியவரின் சால்வையைப் போல—

(போதும். கார் வெயிலில் நிற்கிறது. கூரை மேல் காக்கா எச்சம்.)

இரண்டாம் முயற்சி:

அவள் பொறியியல் பட்டம் வாங்கிய நாளில் அவளுடைய அப்பா அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதார்.

(அழவில்லை. அரங்கத்துக்குள்ளேயே வரவில்லை. பார்க்கிங்கில் எவனாவது வண்டியை இடித்துவிடுவான் என்று விழா முடியும் வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.)

மூன்றாம் முயற்சி. இதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை:

சிக்னலில் நின்றால் அந்தக் காருக்குத் தொடை நடுங்கியது. ஓடும்போது சமாளித்துக்கொள்ளும். நின்றால்தான் கியர் கம்பியிலிருந்து பின்சீட்டு வரை ஒரு நடுக்கம். மேம்பாலத்தில் ஏறும்போது இரண்டாவது கியரில் முனகும். காலையில் அந்த வண்டியில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பாலத்தின் பாதியில் எல்லோருமாக முன்னால் சாய்ந்து "ஏறு! ஏறு! ஏறு!" என்று கத்துவார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவளுடைய அப்பா கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, நடுவில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் கூட்டிப்போவது, சாயங்காலம் திரும்பப் பிள்ளைகள். இதுதான் அவருடைய தொழில். சொந்த வண்டி. அந்த இரண்டு சொற்களை அவர் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு முதலாளியிடம் பாதி ஆயுள் சம்பள டிரைவராக இருந்தவர்.

3

முதலாளி அவரை வேலைக்கு எடுத்த கதை அந்த வீட்டில் பிரசித்தம். டேஷ்போர்டு மேல் விளிம்பு வரை டீ ஊற்றிய கப்பை வைத்து, "ஓட்டு பார்க்கலாம்" என்றாராம். கடைத்தெரு, வேகத்தடை, ரயில்வே கேட் எல்லாம் தாண்டித் திரும்பி வந்தபோது ஒரு சொட்டுச் சிந்தவில்லையாம். "உனக்குக் கால் இல்லப்பா, பூ" என்று முதலாளி சொன்னாராம். சொல்லிவிட்டு அந்த டீயை அவரையே குடிக்கச் சொன்னாராம். ஆறிப்போன டீ.

இந்தக் கதையை அப்பா சொல்லும்போதெல்லாம் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். மகள் அப்படிப் போனதில்லை. முழுதாகக் கேட்டுவிட்டு, "ஆறின டீய ஏன்ப்பா குடிச்சீங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அவளுக்கு அப்படி ஒரு வாய்.

அவளைப் பற்றி: மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அந்தப் பரம்பரையிலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். இப்போது ஒரு கார் ஷோரூமில் சர்வீஸ் அட்வைசர். அதாவது, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்து, "சார், என்ன கம்ப்ளெய்ண்ட்?" என்று கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டுவது. கதவுக்கு அந்தப் பக்கம்தான் வண்டிகளைப் பிரிப்பார்கள். அவள் உள்ளே போனால், "மேடம், கை அழுக்காகிடும், நீங்க போங்க" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். கையில் அழுக்குப் படாமல் மெக்கானிக்கல் படித்தவளாகவே அவள் ஓய்வுபெற்றுவிடலாம்.

அந்த அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் கேஜை அவள் அந்தப் பட்டறையிலிருந்துதான் இரவல் வாங்கி வந்தாள். ஏன் வாங்கி வந்தாள் என்று சொல்வதற்கு நான் பெரியப்பாவை உள்ளே விட வேண்டும்.

4 (இது முதலில் 2 ஆக இருந்தது. பெரியப்பா முன்னாலேயே வந்துவிட்டால் எல்லோரும் எழுந்து நின்றுவிடுகிறார்கள்.)

பெரியப்பா விஷயத்தில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அப்பாவின் அண்ணன். பழைய வண்டிகளை உடைத்து உதிரிபாகம் விற்கிற யார்டு வைத்திருக்கிறார். அவருடைய மகன் பத்துக் கார்களை வாங்கி டிரைவர் போட்டு ஓட்டுகிறான். முதல் பிரதியில் பெரியப்பாவுக்கு மூன்று மோதிரம் போட்டு, சிரிக்கும்போது தொப்பையைக் குலுக்க வைத்தேன். வில்லன் தயார். கதை இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும்.

ஆனால் அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. கதை எழுதுகிறவளுக்கு இதை விடப் பெரிய தொல்லை கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தா பெஞ்சில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். தம்பி வண்டி நடுங்குகிறது என்று கேள்விப்பட்டு, "கொண்டு வாடா, பாத்துடலாம்" என்று கூப்பிட்டவரும் இவர்தான். யார்டில் அவருடைய மெக்கானிக் தீப்பொறி தருகிற நாலு ப்ளக்கையும் கழற்றிவிட்டு கேஜை மாட்டினான். அப்பா சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் குறைவு. பெரியப்பா தம்பியின் தோளில் கை போட்டார்.

"இன்ஜின் போச்சுடா. இதுக்கு இனிமே செலவு பண்ணாத. வண்டிய யார்டுல விட்டுடு, நான் பாத்துக்கறேன். நீ நம்ம பையன்கிட்ட ஒரு வண்டி எடுத்து ஓட்டு. நம்ம வண்டிதானே, என்ன இருக்கு?"

என்ன இருக்கு என்றால், இது இருக்கிறது. அந்த நிறுவனத்தில் டிரைவர்கள் எல்லோரும் பெரியப்பா மகனை 'ஓனர்' என்றுதான் கூப்பிட வேண்டும். அவன் வந்தால் கதவு திறந்துவிட வேண்டும். அவனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அப்பா.

அப்பா சரி என்று சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவே கயிறு கொண்டு வந்து வண்டியை இழுத்துப் போவதாக ஏற்பாடு. வீட்டில் சொன்னபோது சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், முகம் சட்டைக்குள் இருந்தது.

5

கட்டுரை எழுதுகிற பகுதி இது. சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

இன்ஜினுக்குள் நடப்பது எளிமையான விஷயம். பெட்ரோல் கலந்த காற்றைச் சிலிண்டருக்குள் இழுத்து, எல்லாக் கதவையும் மூடி, பிஸ்டனால் நசுக்கி, அந்த நேரத்தில் தீப்பொறி வைப்பது. நசுக்கும்போது எங்கேயாவது கசிந்தால் வெடி புஸ்ஸென்று போகும். எங்கே கசியலாம்? பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்து கீழே கசியலாம். மேலே அந்தக் கதவு, அதாவது வால்வு, சரியாக மூடாமல் கசியலாம். ரிங் என்றால் இன்ஜினையே இறக்க வேண்டும். வால்வு என்றால் மேலே இருக்கிற ஹெட்டை மட்டும் கழற்றித் தீட்டினால் போதும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ப்ளக் இருந்த துளையில் கேஜை மாட்டி, சாவியைத் திருப்பி முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. குறைவாக இருந்தால் அந்தத் துளைக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி திருப்பிப் பார்ப்பது. ஆயில் ரிங்கைச் சுற்றியுள்ள இடுக்கை அடைக்கும். முள் ஏறினால் கோளாறு ரிங்கில். ஏறவில்லை என்றால் வால்வில்.*

* இதில் ஒரு நிபந்தனை உண்டு. சாவியைத் திருப்பும்போது ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்திருக்க வேண்டும். அப்போதுதான் காற்று தாராளமாக உள்ளே போகும். காற்றே போகாவிட்டால் நசுக்க ஒன்றும் இருக்காது; நல்ல இன்ஜினும் செத்தது போலக் காட்டும். அவள் பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். யாருடைய கால் என்று கேள்வித்தாளில் கேட்கவில்லை.

6

ஞாயிறு காலை. வீட்டு வாசல். பானெட் திறந்திருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி, ப்ளக்குகளைக் கழற்றி வரிசையாகப் பழைய பேப்பரில் வைத்திருக்கிறாள்.

"ஆயில் குடிக்குதாப்பா?"

"இல்ல."

"புகை?"

"புகையே இல்லையே. அதான் எனக்கும் புரியல."

நான்கு சிலிண்டரிலும் ரிங் போன வண்டி நீலமாகப் புகை தள்ளும், ஆயிலைத் தண்ணீராகக் குடிக்கும். இது இரண்டும் செய்யவில்லை. அதனால்தான் அவளுக்குச் சந்தேகம், அதனால்தான் இரவல் கேஜ். (அதனால் மட்டும் அல்ல. பெரியப்பா சொல்வதற்கெல்லாம் இந்த வீட்டில் தலையாட்டுகிறார்களே என்ற எரிச்சலும்தான். ஆராய்ச்சி மனப்பான்மை என்று நாகரிகமாக எழுதலாம். எரிச்சல்.)

"உக்காருங்கப்பா. ஆக்சிலரேட்டர முழுசா மிதிச்சுக்கோங்க."

"சரி பாப்பா."

"மிதிச்சாச்சா?"

"மிதிச்சாச்சு."

சாவி திரும்பியது. கிர்க், கிர்க், கிர்க். முதல் சிலிண்டர் 95. இரண்டு 90. மூன்று 60. நான்கு 95. நூற்றைம்பதுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய முள்.

அவள் கேஜைத் துடைத்தாள். மறுபடி முதல் சிலிண்டர். அதே 95.

பெரியப்பா சொன்னது சரி. நான்கும் போச்சு. அவளுக்குக் காது சுட்டது. மேசையில் உட்கார்ந்து சிரிக்கிறவள் வாசலில் ஸ்பேனரோடு நின்று எதை நிரூபிக்கப் போகிறாள்? எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிற அக்கா இதோடு மூன்று தடவை ஒரே துண்டை உதறிவிட்டாள்.

(இங்கே கதையை முடித்தால் எதார்த்தவாதம் என்று சொல்லிப் பரிசு கொடுப்பார்கள். 'அவள் கேஜை மெல்லக் கீழே வைத்தாள். எங்கோ ஒரு நாய் குரைத்தது.' என் கதையில் நாய் கிடையாது.)

அவள் எரிச்சலில் பேப்பரைத் தட்டிவிட்டாள். ஒரு ப்ளக் உருண்டு டிரைவர் பக்கமாக வண்டிக்கு அடியில் போனது. எடுக்கக் குனிந்து, தரையில் கன்னம் படுகிற அளவுக்குச் சாய்ந்தாள். கதவு திறந்திருந்தது. அப்பாவின் வலது கால் தெரிந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இருந்தார். எப்போதும் அப்படித்தான் ஓட்டுவார். பெருவிரலுக்குக் கீழுள்ள சதை பெடலின் மேல் இருந்தது. தூங்குகிற குழந்தையின் முதுகில் கை வைப்பதைப் போல இருந்தது.

7

"அப்பா, மிதிங்க."

"மிதிச்சுட்டுதான்மா இருக்கேன்."

"இதுக்குப் பேரு மிதிக்கிறதா? இது தடவிக் குடுக்கிறது!"

அவள் எழுந்து முன்னால் போனாள். பெடலிலிருந்து வருகிற ஆக்சிலரேட்டர் கேபிள் இன்ஜினுக்கு மேலே ஓர் இடத்தில் கண்ணுக்குத் தெரியும். மிதித்தால் அது இழுபட்டு காற்று போகிற வழியில் உள்ள ஒரு சின்னத் தகட்டைத் திறக்கும். பழைய கேபிள், கொஞ்சம் தளர்ந்து தொங்கியது. அப்பா மிதித்துக்கொண்டிருந்தார். கேபிள் அசையவே இல்லை.

"இன்னும்."

கொஞ்சம் அசைந்தது.

"இன்னும்ப்பா! அடி வரைக்கும்!"

தகடு திறந்தது. அவள் அவசரமாக, "அப்படியே வெச்சுக்கிட்டு சாவியத் திருப்புங்க" என்றாள். சாவி திரும்பிய அதே கணம் கேபிள் தளர்ந்தது. தகடு மூடிக்கொண்டது.

"கால எடுத்துட்டீங்க!"

"எடுக்கலையே."

மறுபடி. மறுபடியும் அதேதான். சாவி திரும்பினால் கால் மேலே வந்துவிடுகிறது. அப்பா தன் காலையே குனிந்து பார்த்தார், வேறு யாருடையதோ போல.

"ஸ்டார்ட் பண்ணும்போது ஆக்சிலரேட்டர்ல கால் வெக்கிறவன் டிரைவரே இல்ல பாப்பா. அது எனக்கு வராது."

"இப்ப நீங்க ஓட்டலப்பா. டெஸ்டு பண்றோம்."

"எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலையே."

பாதி ஆயுள் பின்சீட்டில் முதலாளியைத் தூங்க வைத்த கால் அது. அது அடிவரை போனதே இல்லை. (மூத்த எழுத்தாளரே, பென்சிலை எடுக்காதீர்கள். நான் அழுத்தம் குறைவதைப் பற்றித்தான் பேசுகிறேன். யார்டிலும் இதே கால்தான் சீட்டில் இருந்தது. மெக்கானிக் 'மிதி' என்றான், 'மிதிச்சாச்சு' என்று பதில் வந்தது. ஒரு டிரைவரின் காலை யார் குனிந்து பார்ப்பார்கள்? அவளே பார்க்கவில்லை, ப்ளக் உருண்டதால் பார்த்தாள்.)

அம்மா வாசலுக்கு வந்தாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு. அம்மாவுக்கு ரெடிமேட் துணி கம்பெனியில் தையல் மெஷின். மோட்டார் வைத்த மெஷின். பெடலை அழுத்தினால் பறக்கும். டார்கெட் முடிக்க வேண்டுமென்றால் காலையில் அழுத்திய பெடலைச் சாயங்காலம்தான் விட முடியும்.

"என்ன சத்தம்?"

"அப்பாவுக்கு மிதிக்க வரலம்மா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "எறங்குங்க."

"உனக்கென்ன தெரியும் வண்டியப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது. எறங்குங்க."

அவர் இறங்கினார். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பழக்கத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். அம்மா ஏறி உட்கார்ந்தாள். அந்த சீட்டில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை.

"எதும்மா? வலது பக்கமா?"

"ஆமா. அடி வரைக்கும்."

பெடல் தரையில் மோதுகிற சத்தம் முன்னால் வரை கேட்டது. கேபிள் விறைத்து நின்றது. எதிர்வீட்டு அக்கா துண்டைக் கொடியில் போடாமலேயே நின்றுவிட்டாள்.

முதல் சிலிண்டர் 145. இரண்டு 140. மூன்று 85. நான்கு 145.

8

நானாக இருந்தால் இங்கே ஒரு கொண்டாட்டம் வைத்திருப்பேன். வைத்தும் பார்த்தேன், அப்பா அதில் கலந்துகொள்ளவில்லை.

மகள் சத்தமாக எண்களைச் சொன்னாள். மூன்று சிலிண்டர் நன்றாக இருக்கிறது, ஒன்றில் மட்டும்தான் கசிவு, ஆயில் ஊற்றிப் பார்த்தால் எங்கே என்று தெரிந்துவிடும், வால்வாக இருந்தால் அடுத்த வாரமே பிள்ளைகளை ஏற்றலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பேசிக்கொண்டே மூன்றாம் துளைக்குள் ஒரு ஸ்பூன் ஆயிலை ஊற்றினாள். (அம்மாவின் ஸ்பூன்தான். அது இனி அடுப்படிக்குத் திரும்பாது.)

அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அன்னைக்கு யார்டுல..."

"ஆமாப்பா. அதேதான்."

அவர் வலது காலை இடது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இத அண்ணன்கிட்ட சொல்ல வேணாம்."

"எத?"

"எதையும். வண்டிய எடுத்துட்டுப் போகட்டும். சொன்னது சொன்னதா இருக்கட்டும்."

"அப்பா, இன்ஜின் நல்லா இருக்குப்பா!"

"நல்லா இருக்குன்னு சொன்னா, அன்னைக்கு ஏன் இல்லைன்னு கேப்பாரு. என்ன சொல்லட்டும்? எனக்கு ஆக்சிலரேட்டர் மிதிக்கத் தெரியலைன்னா? அந்த மெக்கானிக் பய சிரிப்பான். அவன் போய் நாலு டிரைவர்கிட்ட சொல்லுவான்."

"சிரிக்கட்டுமே."

"வண்டி போனா வேற வண்டி. டிரைவர்னு இருக்கிற பேரு போனா எனக்கு வேற என்னடி இருக்கு?"

'டி' போட்டு அவர் பேசுவதில்லை. அவளுக்கும் ஏறிவிட்டது.

"அந்தப் பேர வெச்சுக்கிட்டுத்தான் பெரியப்பா பையனுக்குக் கதவத் திறந்துவிடப் போறீங்களா?"

சீட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் சண்டைய அப்புறம் வெச்சுக்குங்க. எனக்குக் கால் மரத்துப்போச்சு. எடுக்கவா, வேணாமா?"

தெருமுனையில் ஹாரன். பெரியப்பாவின் வண்டி. பின்னால் கயிற்றுச் சுருள்.

9

பெரியப்பா வெள்ளைச் சட்டையில் இறங்கினார். கூடவே அந்த மெக்கானிக். கயிற்றைத் தோளில் போட்டிருந்தான்.

"என்ன இன்ஜினியரம்மா, போஸ்ட்மார்ட்டமா?"

"செத்தாத்தான் போஸ்ட்மார்ட்டம், பெரியப்பா."

"இந்த வாய்க்குத்தான் உன்ன ஷோரூம்ல முன்னாடி உக்கார வெச்சிருக்காங்க போல." அவர் சிரித்துவிட்டு சீட்டைப் பார்த்தார். "நீ என்னம்மா அங்க?"

"சும்மா உக்காந்திருக்கேன் மாமா" என்றாள் அம்மா. பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. "நாலுல மூணு நல்லா இருக்குன்னு சொல்றா உங்க மக."

மெக்கானிக் நிமிர்ந்தான். பெரியப்பா தம்பியைப் பார்த்தார். தம்பி வாசற்படியைப் பார்த்தார்.

"நல்லா இருக்கா? நான் நின்னு பார்த்தேனேம்மா, நாலும் டவுன்."

"உங்க ஆளு எப்படிப் பார்த்தாரு?" என்று அவள் ஆரம்பித்தாள்.

ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டாள். ஏனென்றால் ஓர் அருமையான பொய் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது: 'உங்க கேஜ் ரிப்பேர்.' மூன்றே வார்த்தை. அப்பாவின் கால் தப்பிக்கும், வண்டி தப்பிக்கும், கயிறு வந்தபடியே திரும்பிப் போகும். நானும் அதை எழுதிவிட்டுக் கதையை முடித்துத் தூங்கியிருப்பேன். ஆனால் எழுதிய வரியை அப்படியே படித்தபோது பெரியப்பா மெக்கானிக் பக்கம் திரும்பினார். "ஏன்டா, கேஜைக்கூடப் பார்க்க மாட்டியா?" என்றார். மெக்கானிக் தோளில் இருந்த கயிற்றை இறக்கி வைத்தான். அவனுக்கும் மகள் இருக்கலாம். அவளையும் யாராவது டீ இடைவேளையில் பிடித்து, உன் அப்பா ஒரு களஞ்சியம் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

அந்த வரியை அடித்துவிட்டேன்.

~~"உங்க கேஜ் ரிப்பேர், பெரியப்பா."~~

பெரியப்பாவே சொன்னார்.

"சரி, எதுக்குப் பேச்சு? என் கண்ணு முன்னாடி ஒரு தடவ காட்டு. முதல் சிலிண்டர்ல மாட்டு. அன்னைக்கு யாரு உக்காந்தா? இவன்தானே? இவனே உக்காரட்டும்."

10

முடிவுகள்.

(அ) அப்பா சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தன் வாழ்நாள் முழுவதையும் சேர்த்து மிதிக்கிறார். முள் 145. பெரியப்பா கண் கலங்குகிறது. பின்னணியில் பிள்ளைகளின் "ஏறு! ஏறு!" கேட்கிறது. இதைப் படமாக எடுக்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாந்தி வருகிறது.

(ஆ) அம்மா இறங்க மறுக்கிறாள். "எம் புருஷன் காலுக்கு டியூட்டி முடிஞ்சுது, நான் மிதிக்கிறேன்" என்கிறாள். பெண்ணியம் என்று பாராட்டுவார்கள். ஆனால் பாதி உண்மைதான். அம்மா நல்ல நாளிலேயே பெரியப்பா முன்னால் அதிகம் பேச மாட்டாள்.

(இ) 'அவள்' என்பதை எல்லா இடத்திலும் அடித்துவிட்டு 'நான்' என்று போடுவது. இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் அப்படிச் செய்தால் கைதட்டல் விழும் என்று தெரியும். செய்யப் போவதில்லை.

உண்மையில் நடந்தது வரைக்கும் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா இறங்கினாள். இறங்கும்போது அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் குடும்பம் நடத்துகிறவர்கள், என்னிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. அப்பா செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்துக் கதவோரம் வைத்தார். ஏறி உட்கார்ந்தார். கியரை ஆட்டிப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். நிற்கிற வண்டிக்கு எதற்குக் கண்ணாடி? அவர் சரிசெய்தார்.

அவருக்குத் தெரியும். காலை எடுத்துவிட்டால் 95. அண்ணன் சொன்னதுதான் சரி என்று ஆகும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். 'பூ' என்ற பேரோடு கயிற்றின் பின்னால் போகலாம், நாளைக்குக் கதவு திறந்துவிடலாம். காலை அழுத்தி வைத்தால் 145. பெரியப்பா திரும்பி, "அப்ப அன்னைக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்பார். அதற்கு மெக்கானிக் முன்னால், மகள் முன்னால், எதிர்வீட்டு அக்கா முன்னால் பதில் சொல்ல வேண்டும்.

பெரியப்பா முள்ளைப் பார்க்க இன்ஜின் மேல் நன்றாகக் குனிந்தார். மூன்றாம் சிலிண்டருக்கு நேர் மேலே, வெள்ளைச் சட்டையோடு. அந்தத் துளை திறந்திருந்தது. உள்ளே ஒரு ஸ்பூன் ஆயில் இருந்தது. சாவி திரும்பினால் அது எங்கே பீய்ச்சியடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. ஆகவே நீங்கள் எந்த முடிவைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, அந்தச் சட்டை போச்சு. அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் பொறுப்பு.

மூன்றாம் சிலிண்டரில் போனது ரிங்கா வால்வா என்று கேட்கிறீர்களா? அதை அடுத்த ஸ்பூனில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தக் கார் இங்கேயே நிற்க வேண்டும்.

11

இனி உங்கள் வேலை. ஏறி உட்காருங்கள்.

சீட் கொஞ்சம் அமுங்கும், பழசு. வலது பக்கப் பெடல். செருப்பைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அவருக்குப் பிடிக்காது. கால் வைத்தாயிற்றா? வைத்தால் போதாது. கதை படிக்கும்போது நீங்கள் எல்லாவற்றின் மேலும் காலை வைக்கிறீர்கள், பாவம் என்கிறீர்கள், உச்சுக் கொட்டுகிறீர்கள், ஒரு சொட்டுச் சிந்தாமல் வீடு போய்ச் சேர்கிறீர்கள். அது இங்கே நடக்காது. அடி வரைக்கும் போக வேண்டும். தகரத்தில் மோதுகிற சத்தம் கேட்க வேண்டும்.

சாவியைத் திருப்பும்போது கால் தானாக மேலே வரும். அவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் வரும். விடாதீர்கள். 'மிதிச்சாச்சு' என்று வாயால் சொல்ல வேண்டாம். போன தடவை அதை நம்பித்தான் இவ்வளவும்.

எல்லோரும் முள்ளைப் பார்க்கிறார்கள். நான் கேபிளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். திருப்புங்கள், அப்பா.